தாமரையையும் அல்லியையும் பிரித்த தூள்

ஒரே குளத்தில் தாமரையும் அல்லியும் அருகருகே மலர்ந்திருந்தால், இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றே யாரும் நினைப்பார்கள். சேற்றில் கிழங்கு, நீரில் நீண்ட காம்பு, மேலே வட்ட இலை, அடுக்கடுக்கான இதழ்கள் என எல்லாமே ஒத்துப்போகின்றன. தாவரவியல் அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1753இல் லின்னேயஸ் தாமரைக்கு ‘நிம்ஃபேயா நெலும்போ’ என்று பெயரிட்டு, அல்லியின் பேரினத்திலேயே அதைச் சேர்த்தார். 19ஆம் நூற்றாண்டின் பெந்தம் - ஹூக்கர் வகைப்பாடு இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்தது. சென்னை மாகாணத்தின் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளின் நூலும் அதே வழியில் சென்றது. ஆனால் இரண்டு பூக்களின் மகரந்தத்தையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இந்த உறவு கலைந்துவிடுகிறது. தாமரையின் துகளில் மூன்று நீளப் பள்ளங்கள் இருக்கின்றன. அல்லியின் துகளிலோ ஒரே ஒரு பள்ளம், அதுவும் வளையமாகத் துகளைச் சுற்றி ஓடுகிறது. 1993இல் ‘ஆர்பிசிஎல்’ என்ற மரபணுவை வைத்து நூற்றுக்கணக்கான தாவரங்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வு வெளியானபோது, தாமரை அல்லியின் பக்கம் வரவே இல்லை. பிளாட்டனஸ் மரங்களோடும் புரோட்டியேசி குடும்பத்தோடும் போய்ச் சேர்ந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரம் அந்தப் புரோட்டியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, குளத்துத் தாமரைக்கு அருகில் மிதக்கும் அல்லியைவிட மலையில் நிற்கும் சில்வர் ஓக்தான் நெருங்கிய உறவு.

இலையும் இதழும் தண்டும் வாழும் இடத்துக்கு ஏற்ப மாறக்கூடியவை. நீரில் வாழ வேண்டிய இரண்டு செடிகள், உறவே இல்லாதபோதும், ஒரே தோற்றத்துக்கு வந்துவிடலாம். மகரந்தத்தின் பள்ளமும் துளையும் சுவரின் அமைப்பும் அத்தனை எளிதில் மாறுவதில்லை. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள் ஏமாற்றிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தூள் சரியான திசையைக் காட்டியது. தாவரங்களை அடையாளம் காணவும் வகைப்படுத்தவும் மகரந்தத்தின் அமைப்பு இன்றியமையாத சான்று. மரபணு ஆய்வு வளர்ந்த பிறகும் அதன் தேவை குறையவில்லை. ஆனாலும் நம் நாட்டில் மகரந்த ஆய்வுத் துறை ஒரு சில ஆய்வகங்களுக்குள் முடங்கிக் கிடக்கிறது. உலர்தாவரத் தொகுப்பில் சேரும் ஒவ்வொரு தாளோடும், நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான மகரந்த வில்லை ஒன்றும் சேர்வது வழக்கமாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மகரந்தத் துகளின் சிறப்பு அதன் சுவரில் இருக்கிறது. எக்சைன் எனப்படும் வெளியுறை ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிர்கள் உண்டாக்கும் பொருள்களில் இதைப் போல உறுதியானவை மிகக் குறைவு. காற்றுப் புகாத சேற்றில் புதைந்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் உருக்குலையாமல் கிடக்கும். மகரந்தக் குழாய் வெளிவருவதற்கு இந்தச் சுவரில் வழி வேண்டும். அந்த வழி நீளப் பள்ளமாக இருக்கலாம், வட்டத் துளையாக இருக்கலாம், பள்ளத்தின் நடுவே துளை அமைந்தும் இருக்கலாம். அவை எத்தனை, துகளின் எந்தப் பகுதியில் இருக்கின்றன, சுவர் எவ்வளவு தடிப்பு, மேற்பரப்பு வழவழப்பா, வலைப்பின்னலா, வரிவரியா, முள்ளா, துகள்கள் தனித்தனியாக உதிர்கின்றனவா, நான்காகவோ பதினாறாகவோ ஒட்டிக்கொண்டு வருகின்றனவா என்று பார்க்க வேண்டிய கூறுகள் பல. அளவிலும் பெரிய வேறுபாடு உண்டு. மயோசோட்டிஸ் என்ற சிறு பூச்செடியின் துகள் 5 மைக்ரோமீட்டர் அளவே இருக்க, பூசணியின் துகள் 100 மைக்ரோமீட்டரைத் தாண்டிவிடும். ஒரே இனத்தின் மகரந்தம் ஒரே மாதிரி இருக்கும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே நெகமியா குரூ கவனித்துவிட்டார். 1935இல் அமெரிக்காவின் ரோஜர் வோட்ஹவுஸ் எழுதிய நூலும், 1952இல் ஸ்வீடனின் குன்னார் எர்ட்மன் பூக்கும் தாவரக் குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிய நூலும் அந்தக் கவனிப்பை ஒரு முழுத் துறையாக்கின.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இந்தச் சான்றின் வலிமை புரியும். மகரந்தப் பைகளை நசுக்கிச் சல்லடையில் வடித்து, நீரை முழுதும் நீக்கிவிட்டு, ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு அடர் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் இட்டு, வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடங்கள் சூடாக்குவார்கள். எர்ட்மன் நிலைநாட்டிய இந்த முறைக்கு அசெட்டாலிசிஸ் என்று பெயர். துகளுக்குள் இருக்கும் உயிர்ப்பொருள், உள்ளுறை, மேலே ஒட்டிய எண்ணெய்ப் பசை எல்லாம் கரைந்துபோகும். எக்சைன் மட்டும் பொன்பழுப்பு நிறத்தில், வெறும் கூடாக எஞ்சும். அதைக் கழுவி, கிளிசரின் ஜெல்லியில் பதித்து வில்லையாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பினால், சுவரின் மேல் புடைத்திருக்கும் வரிகள் முதலில் வெளிச்சமாகத் தெரிந்து, குவியம் கீழே இறங்க இறங்க இருண்டுபோகும். குழிகள் இதற்கு நேர்மாறாக நடக்கும். இந்த ஒளி மாற்றத்தை வைத்தே, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான மேடு பள்ளங்களைப் பழகிய கண் பிரித்தறிந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத கல்லூரியிலும் செய்யக்கூடிய வேலை இது. அமிலத்தைக் கையாளும் முறையான பயிற்சியும் பாதுகாப்பும் மட்டும் கட்டாயம் வேண்டும்.

இப்படிப் பார்த்ததில் கிடைத்த மிகப் பெரிய பயன், பூக்கும் தாவரங்களின் பழைய பாகுபாட்டையே கேள்விக்கு உள்ளாக்கியது. ஒருவிதையிலை, இருவிதையிலை என்று இரண்டாகப் பிரித்துத்தான் நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மகரந்தம் வேறு கோட்டைப் போட்டுக் காட்டியது. தென்னையும் அதன் ஒருவிதையிலைச் சொந்தங்கள் பலவும் ஒற்றைப் பள்ளம் கொண்ட துகளை உண்டாக்குகின்றன. இருவிதையிலை என்று எண்ணப்பட்ட சண்பகம் போன்ற மரங்களும் அதே ஒற்றைப் பள்ளத்தைக் கொண்டவை. மாவும் அவரையும் பருத்தியும் முருங்கையும் அடங்கிய பெருங்கூட்டத்திலோ மூன்று பள்ளங்கள், அல்லது அவற்றிலிருந்து வந்த அமைப்புகள். 1975இல் வாக்கர், டாய்ல் ஆகிய இரு அறிஞர்கள், பூக்கும் தாவரங்களின் பரிணாமத்துக்கு மகரந்தமே அடிப்படைச் சான்றுகளில் ஒன்று என்று விரிவாக எழுதினார்கள். மூன்று பள்ளத் துகள்கள் சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளிலேயே தென்படுகின்றன. பின்னர் மரபணு ஆய்வுகள் வந்தபோது, இந்த மூன்று பள்ளக் கூட்டம் உண்மையிலேயே ஒரே மூதாதையின் வழிவந்தது என்று உறுதியாயிற்று. இன்று யூடைகாட் என்று அழைக்கப்படும் அந்தக் கூட்டத்தில்தான் உலகின் பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அடங்குகிறது. தன்னளவில் ஒரு நுண்ணிய பள்ளத்தின் எண்ணிக்கைதான்; ஆனால் இவ்வளவு பெரிய கிளையை மரபணுவுக்கு முன்பே அது இனங்காட்டிவிட்டது.

பெரிய கிளைகளில் மட்டும்தான் இது உதவும் என்று நினைக்க வேண்டாம். நம் வறண்ட நிலங்களில் நிற்கும் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளையும் இலையையும் பார்த்து, ஒன்றின் வெளிநாட்டு வடிவம் மற்றொன்று என்ற எண்ணத்திலேயே மக்கள் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். கருவேலத்தின் மகரந்தம் தனித்தனியாக உதிர்வதில்லை. பெரும்பாலும் பதினாறு துகள்கள் ஒட்டிய ஒரே தொகுதியாக வரும். சீமைக்கருவேலத்தின் துகள்கள் தனித்தனியானவை, ஒவ்வொன்றிலும் மூன்று திறப்புகள். அந்த அமைப்பு கோயில் தலமரமாக நாம் போற்றும் வன்னியின் துகளுக்கு நெருக்கமானது. மூன்றும் பயறு வகைப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும், சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் கருவேலம் இல்லை, வன்னி என்பதை ஒரு வில்லை காட்டிவிடுகிறது. ஆற்றோரச் சம்புவிலும் இப்படித்தான். அகன்ற இலைச் சம்புவின் துகள்கள் நான்கு நான்காகச் சேர்ந்திருக்கும், குறுகிய இலைச் சம்புவின் துகள்கள் தனித்தனியாக இருக்கும். ஒரே பேரினத்தின் இரண்டு இனங்களையே பிரித்துக்காட்டும் அளவுக்கு இங்கே மகரந்தம் தெளிவாகப் பேசுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், எல்லாச் செடியிலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது என்பது. அது உண்மை, அதை மறைக்கக் கூடாது. புல் குடும்பத்தில் உள்ள ஆயிரக்கணக்கான இனங்களின் துகள்களும் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்டவை: வழவழப்பான உருண்டை, அதில் விளிம்பு தடித்த ஒற்றைத் துளை. மக்காச்சோளம் போன்ற சில தானியங்களை அளவை வைத்துப் பிரிக்கலாமே தவிர, அருகம்புல்லையும் தர்ப்பையையும் சாதாரண நுண்ணோக்கியில் பிரிப்பது கடினம். தொடர்பே இல்லாத தாவரங்களில் ஒரே அமைப்பு தோன்றுவதும் உண்டு. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவின் மரம் யூடைகாட் கூட்டத்தில் சேராத பழைய கிளையைச் சேர்ந்தது, ஆனாலும் அதன் துகளில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. அவை தனியாகத் தோன்றியவை, முனையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் கூர்ந்து பார்ப்பவரால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியும். இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை நம் குறிஞ்சியின் கதையில் இருக்கிறது. குறிஞ்சிச் செடிகள் அடங்கிய ஸ்ட்ரோபிலாந்தஸ் கூட்டத்தில் மகரந்தம் வியக்கத்தக்க அளவு பலவகைப்பட்டது. 1944இல் நெதர்லாந்தின் பிரேமேகாம்ப் அந்த வேறுபாடுகளைப் பெரிதும் நம்பி, அந்தக் கூட்டத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாக உடைத்தார். பிற்கால ஆய்வாளர்கள் மரபணுவையும் பிற உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பிரிவுகள் பல நிற்கவில்லை. நீலக்குறிஞ்சி இன்று மீண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்திலேயே இருக்கிறது.

மகரந்தத்தைத் தாவரத்தின் கைரேகை என்று சிலர் எழுதுவது அதனால்தான் மிகை. கைரேகை ஒரு தனி மனிதரையே சுட்டிவிடும். மகரந்தம் சில வேளை இனத்தையும், பல வேளை பேரினத்தையும், சில வேளை குடும்பத்தை மட்டுமே சுட்டும். எங்கே எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்து பயன்படுத்துவதுதான் ஒரு சான்றை மதிக்கும் முறை. பிரேமேகாம்பின் தவறு மகரந்தத்தைப் பார்த்ததில் இல்லை, ஒரே வகைச் சான்றின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றியதில் இருக்கிறது. இலையை மட்டும் நம்பியவர்களும் பூவிதழை மட்டும் நம்பியவர்களும் இதைவிடப் பெரிய தவறுகளைச் செய்திருக்கிறார்கள். மரபணுவிலும் ஒரே ஒரு பகுதியை மட்டும் நம்பினால் உறவுமரம் தவறாகப் போவதுண்டு. குறிஞ்சியின் கதை மகரந்தத்தை ஒதுக்கச் சொல்லவில்லை, அதை மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கூர்மையானது. மரபணுவைப் படித்தால் இனத்தையே துல்லியமாகச் சொல்லிவிடலாம், பிறகு ஏன் பழைய நுண்ணோக்கி வேலை என்று கேட்கிறார்கள். கையில் ஒரு பச்சை இலை இருந்தால் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் தாவரத்தைத் தேடும் பல இடங்களில் இலை கிடைப்பதே இல்லை. வெப்ப நாட்டுச் சேற்றில் மரபணு விரைவில் சிதைந்துவிடும். எக்சைன் அங்கேயே கிடக்கும். தேனை எடுத்துக்கொண்டால், அதில் எந்தச் செடிகளின் மகரந்தம் இருக்கிறது என்பதை மரபணு சொல்லும், ஆனால் எந்தச் செடி எவ்வளவு என்ற விகிதத்தை அது நம்பகமாகச் சொல்வதில்லை. ஒற்றைப் பூத் தேன் என்று சொல்ல, குறிப்பிட்ட மகரந்தம் 45 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்ற பொதுவான சர்வதேச அளவுகோல், துகள்களைக் கண்ணால் பார்த்து எண்ணுவதை அடிப்படையாகக் கொண்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தேன் தரவிதிகளிலும் மகரந்த எண்ணிக்கை ஓர் அளவுகோலாக இருக்கிறது. இங்கும் அனுபவம் தேவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் தேனில் பெரும்பகுதி, ரப்பர் மரத்தின் பூவிலிருந்து வருவதில்லை. இலைக்காம்பில் உள்ள தேன்சுரப்பிகளிலிருந்து வருகிறது. அதனால் அந்தத் தேனில் ரப்பர் மகரந்தம் குறைவாக இருப்பதைப் பார்த்து, கலப்படம் என்று முடிவுகட்டினால் நேர்மையான தேனீ வளர்ப்பவர்தான் பாதிக்கப்படுவார். மரத்தையும் தேனீயையும் மகரந்தத்தையும் ஒருங்கே அறிந்தவர்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நீலகிரியில் இந்தச் சான்று ஒரு பெரிய விவாதத்தையே தீர்க்க உதவியிருக்கிறது. சோலைகளுக்கு இடையே விரிந்த புல்வெளிகள் காட்டை அழித்ததால் உண்டானவை, அவை வெற்றுநிலம் என்ற எண்ணத்தில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை அங்கே பரப்பினார்கள். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா சதுப்பில் படிந்த கரிச்சேற்றைத் துளைத்தெடுத்து, அடுக்கடுக்காக அதிலிருந்த மகரந்தத்தை ஆராய்ந்தபோது வேறு உண்மை வெளிப்பட்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு உலகம் குளிர்ந்து வறண்டிருந்த காலத்திலேயே அங்கே புல் மேலோங்கியிருந்தது. கோடரியும் கலப்பையும் அந்த மலைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தப் புல்வெளி இருந்திருக்கிறது. புல் மகரந்தம் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அது எந்த வகைப் புல் என்ற கேள்விக்கு மகரந்தம் மட்டும் விடைசொல்ல முடியவில்லை. 1993இல் ஆய்வாளர் சுகுமாரும் அவருடைய குழுவினரும் அதே மலையின் கரிச்சேற்றில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, காலநிலை மாற மாறப் புல்லின் வகைகளும் மாறியதைக் காட்டி அந்த இடைவெளியை நிரப்பினார்கள். இன்று அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்று வாதாடுவோரின் கையில் இருக்கும் வலுவான ஆதாரங்களில் மகரந்தமும் ஒன்று.

இந்த வேலைக்கு நமக்கு அந்நிய ஆய்வகங்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்த வில்லைகள் 20,000-க்கும் மேல் இருக்கின்றன. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமணி. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்த அவர், பனைக் குடும்பத்தின் மகரந்தத்தை ஆராய்ந்து பிரான்சின் மான்ட்பெலியே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பெரும்பாலான பனைகளின் துகளில் ஒற்றைப் பள்ளம்தான் இருக்கும். சதுப்புநிலத்தில் வளரும் நிப்பா பனையின் துகளிலோ முள் நிறைந்திருக்கும், அதைச் சுற்றி வளையப் பள்ளம் ஓடும். அப்படி ஒரு தனித்தன்மை இருப்பதால், பழங்கால நிப்பாவின் துகள்களைப் புதைபடிவங்களில் உடனே இனங்காண முடிகிறது. தணிகைமணி 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் உயிரிழந்தார். ஆனால் அந்த நிறுவனத்தின் வேலை நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பசுமைக் காடுகளின் மகரந்தம் குறித்த நூல் 1994இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அத்தகைய ஒரு நூல் கையில் இருந்தால்தான் ஏரிச் சேற்றிலோ தேனிலோ காற்றிலோ கிடைத்த துகளுக்குப் பெயர் வைக்க முடியும். அதே உழைப்பைக் கிழக்குக் கடற்கரையின் உலர்காடுகள் மீதும், கோயில் காடுகள் மீதும், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் மீதும் காட்ட வேண்டும்.

கணினியே படத்தைப் பார்த்து மகரந்தத்தை இனங்கண்டுவிடும், மனிதக் கண் இனி எதற்கு என்பது இப்போது கேட்கும் மூன்றாவது வாதம். காற்றில் மிதக்கும் மகரந்தத்தைத் தானாகவே எண்ணும் கருவிகள் ஐரோப்பாவில் வேலை செய்கின்றன. ஒவ்வாமைக்காரர்களுக்கு முன்னெச்சரிக்கை தர அவை பயன்படுகின்றன, நமக்கும் அவை வேண்டும். ஆனால் கணினி, தனக்குக் கற்றுக்கொடுத்த துகளை மட்டுமே அடையாளம் காணும். அங்கே பர்ச் மரத்தின் துகளைக் கற்ற கருவி, இங்கே பார்த்தீனியத்தையும் வேம்பையும் தானாகத் தெரிந்துகொள்ளாது. பெயர் உறுதியான செடியிலிருந்து எடுத்து, சரியாகத் தயாரித்து, அனுபவசாலி ஒருவர் சரிபார்த்த வில்லையிலிருந்து வந்த படமே அதற்குப் பாடம். தொகுப்பு தவறாக இருந்தால் கணினியும் அதே தவறை வேகமாகச் செய்யும். ஆகவே கணினி வர வர, நல்ல வில்லைத் தொகுப்பின் மதிப்பும் அதைச் செய்யத் தெரிந்தவர்களின் மதிப்பும் கூடத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது நம் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டலத் தொகுப்பும், திருச்சி ராப்பினா தொகுப்பும், கல்லூரிகளில் உள்ள சிறு தொகுப்புகளும் அவற்றின் உலர்மாதிரிகளைப் பாதுகாக்கின்றன. பல பத்தாண்டுகளுக்கு முன் ஒட்டப்பட்ட தாளிலும் மொட்டுக்குள் எக்சைன் அழியாமல் இருக்கிறது. ஒரு மொட்டை எடுத்தால் போதும், அந்த மாதிரிக்கு எந்தக் குறையும் வராது. புதிதாகச் சேகரிக்கும் ஒவ்வொரு தாளோடும் ஒரு மகரந்த வில்லையையும், இரண்டு படங்களையும், அளவுக் குறிப்பையும் கட்டாயமாக்க வேண்டும். பழைய தாள்களைக் குடும்பம் குடும்பமாக எடுத்து முடிக்கும் பணியை முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டு வேலையாகப் பகிர்ந்தளிக்கலாம். முடிவுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெருங்கோடிகள் தேவையில்லை. தேவை தொடர்ச்சியான ஊதியம் பெறும் சில தேர்ந்த தொழில்நுட்பர்களும், பணி ஓய்வு பெறும் மூத்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள இளையவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பும்தான். வில்லைகள் பல தலைமுறை நிலைக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்த கண் ஒரு தலைமுறை விடுபட்டால் அற்றுப்போகும். அந்தக் கண்ணை இழந்துவிட்டால், தேன் எங்கிருந்து வந்தது, மலையில் முன்பு என்ன வளர்ந்தது, நம் காற்றில் யாரை எது வாட்டுகிறது என்று கேட்கும்போதெல்லாம் நாம் பிறரிடம் கையேந்த வேண்டியிருக்கும். அடுத்த கல்வியாண்டின் தாவரச் சேகரிப்பிலேயே இதைத் தொடங்க எந்தக் கல்லூரிக்கும் தடையில்லை.